மரம் அறுக்கும் இயந்திர வாள்: சில பாடங்கள்



நம் சங்கக் குடும்பங்களில் சிலருக்கு களியக்காவிளையின் இருபுறமும் சிறு தோட்டங்கள் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் ரப்பரும் தென்னையும் அயனியும் பலாவும் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் வளர்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போனால் மரம் வெட்டும் வேலை ஒன்று நமக்காகக் காத்திருக்கும். அந்த வேலையில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. இரண்டு வாரம் கழித்து மும்பையிலிருந்து பாறசாலை அருகே எங்கள் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று வளைந்து கிடந்தன. அறுக்க வந்தவர் கைவாள் காலத்திலேயே தொழிலுக்கு வந்த பெரியவர்.

"மக்களே, இதெல்லாம் முறுக்கிக் கிடக்குது. நிதானமாத்தான் அறுக்கணும்" என்றார்.

"மாமா, இன்னைக்கே முடிச்சுத் தாங்க. நாளைக்கு லாரி வருது, எனக்கும் ரயில் இருக்கு" என்றேன்.

மாலையில் வாளின் முனை, இலைக்குள் மறைந்திருந்த ஒரு கொம்பில் பட்டது. வாள் மேலே துள்ளி, அவருடைய இடது தொடையைக் கிழித்துவிட்டது. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தபடி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார்; ஆனால் இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார். அதன்பின் இந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவை இவை.

வாள் ஏன் துள்ளுகிறது?

கைவாள் நம் கை வேகத்தில் ஓடும். இயந்திர வாளின் சங்கிலியோ நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அலகின் முனையில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால், பல் மரத்தில் மாட்டி, சங்கிலியின் விசை முழுவதும் அலகை மேலும் பின்னுமாக எறியும். அது நடந்தபின் கையை இழுக்க நேரமிராது. இதற்காகவே முன்பிடிக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு இருக்கிறது. அது முன்னே தள்ளப்பட்டால் சங்கிலி உடனே நின்றுவிடும். எங்கள் பெரியவரின் வாளில் அந்தத் தகடு எப்போதோ உடைந்து போயிருந்தது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே முனையால் அறுக்கக் கூடாது. இரு கைகளாலும், கட்டைவிரல் பிடியைச் சுற்றி வரும்படி பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கலாகாது. அலகின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று இடப்புறம் விலகி நிற்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டி அறுப்பது நம் பக்கத்துப் பழக்கம், அது பேராபத்து. இதற்கென்றே உள்ள கால்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் அந்த இழைகள் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ் ஆகியவையும் தேவை.

சாய்ந்த மரம்

வளைந்து கிடக்கும் மரம் நாணேற்றிய வில் போன்றது. அதன் ஒரு பக்கம் இறுகி அழுந்தியிருக்கும், மறுபக்கம் இழுபட்டிருக்கும். முதலில் அழுந்திய பக்கத்தில் சிறிதளவு அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்தை மெல்ல அறுக்க வேண்டும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக அறுத்தால் மரம் பிளந்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை வெட்டியதும் மூடு மண்ணோடு எழுந்து குழிக்குள் திரும்பி விழலாம். அதன் பின்னால் குழந்தைகளை நிற்கவிடாதீர்கள்.

நிற்கும் மரமானால், விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் வெட்ட வேண்டும். பின்பக்கம் அறுக்கும்போது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தைக் கீல்போல விட்டுவிட வேண்டும். பின்பக்கம் சாய்வாக ஓடித் தப்ப வழி முன்பே வெட்டித் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

பராமரிப்பு

மழுங்கிய வாளை ஆள் அழுத்தி அறுப்பார். அழுத்துகிறவர் நிலை தவறுவார். மரத்திலிருந்து சீவல் விழுந்தால் பல் கூர்மை, மாவு விழுந்தால் மழுக்கம். சங்கிலிக்கு ஏற்ற அளவுள்ள உருண்டை அரத்தால், ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்ட வேண்டும்.

எஞ்சினை நிறுத்திய பின், கையுறையுடன் சங்கிலியை இழுத்துப் பாருங்கள். அலகின் அடியில் தொங்காமலும், கையால் இழுத்தால் ஓடும்படியும் இருக்க வேண்டும். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் சங்கிலி எண்ணெயையும் நிரப்புங்கள். எஞ்சின் ஆறிய பிறகே ஊற்றி, அந்த இடத்தைவிட்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய், வாளைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரப்பர் பால் ஒட்டிய அலகுப் பள்ளத்தையும் ஏர் பில்டரையும் அன்றன்றே துடைப்பது நல்லது.

நிறைவாக ஒன்று. நம்மில் பெரும்பாலோர் வாளைத் தொடப்போவதில்லை; கூலி கொடுத்து ஆள் வைப்போம். ஆனால் அவசரப்படுத்துவது நாம்தான். அடுத்த முறை ஊரில் மரம் வெட்டும்போது விலை பேசுவதற்கு முன், "பிரேக் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். லாரியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு நாளைத் தர எனக்கு அன்று மனம் வரவில்லை. என் ரயிலையும் நான் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்த இரவு கழிந்தது.