ஆமைகளோடு களமிறங்கும் புதியவர்களுக்குச் சில சொற்கள்

‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்’ 2022 ஜூன் 16 அன்று வெளிவந்தது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து ட்ரிப்யூட் கேம்ஸ் இதைச் செய்தது. பாரிஸ் நகரத்து டாட்டெமு வெளியிட்டது. 1987 முதல் 1996 வரை ஓடிய கார்ட்டூன் தொடர்தான் இதற்கு அடிப்படை. நியூயார்க் நகரின் பாதாளச் சாக்கடையில் வாழும் நான்கு ஆமைச் சகோதரர்கள், அவர்களை வளர்த்த எலி குரு ஸ்ப்லின்டர், எதிரி ஷ்ரெடர் எல்லாம் அந்தத் தொடரில் இருந்தபடியே இதிலும் வருகிறார்கள். பல பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே உண்டாக்கப்பட்ட கேம் இது. முதல் தடவையாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, அண்ணனோடோ தங்கையோடோ தோழர்களோடோ உட்காரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதன் நிறையையும் குறையையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் மனம் நோகாமல் எழுந்திருக்கலாம்.

1. இரண்டு பேராகத் தொடங்குங்கள், மிஞ்சினால் மூன்று பேர். ஒரே நேரத்தில் ஆறு பேர் வரை ஆடலாம் என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. அது உண்மைதான், கேளிக்கைக்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் ஆட்கள் கூடக்கூடத் திரையில் எதிரிகளும் கூடுவார்கள். ஆறு வீரர்கள், அவர்களைச் சுற்றி ஷ்ரெடரின் அடியாட்களான ஃபுட் படையின் கூட்டம், நடுவில் வெடிப்புகள், பறக்கும் பெட்டிகள் என்று திரை நிரம்பிவிடும். அந்தக் களேபரத்தில் புதிதாக ஆடுபவருக்குத் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது. பட்டனை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பார். தன் அடியால்தான் எதிரி விழுந்தானா, பக்கத்தில் இருப்பவர் அடித்து விழுந்தானா என்று புரியாது. ஆட்டம் கற்றுக்கொள்ள அது இடமில்லை. முதல் சில கட்டங்களை இரண்டு பேராக முடியுங்கள். கை பழகிய பிறகு ஊரையே கூப்பிடுங்கள்.

2. கார்ட்டூனை ஓரளவு பார்த்துவிட்டு வாருங்கள். இந்தக் கேம் கதையை விளக்கிச் சொல்லாது. சில அசையாப் படங்கள், இரண்டொரு வரி வசனம், உடனே சண்டை. பீபாப் யார், ராக்ஸ்டெடி யார், வயிற்றில் மூளையைச் சுமந்துவரும் அந்த ராட்சத உடம்புக்காரன் க்ராங் ஏன் ஷ்ரெடரோடு சேர்ந்தான் என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. தெரிந்தவருக்கு ஒவ்வொரு முகமும் பழைய நண்பன். தெரியாதவருக்கு வெறும் விநோத உருவங்கள். இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். அந்தத் தொடரின் உயிர் சண்டையில் இல்லை. நான்கு சகோதரர்களும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதிலும் பீட்சாவுக்கு அடித்துக்கொள்வதிலும்தான் அது இருந்தது. அந்த 1987 தொடரில் ஆமைகளுக்குக் குரல் கொடுத்த கேம் கிளார்க், டவுன்சென்ட் கோல்மன், பாரி கார்டன், ராப் பால்சன் நான்கு பேரையும் தேடிக் கூட்டிவந்திருக்கிறார்கள். எவ்வளவு அருமையான காரியம்! ஆனால் அவர்களுக்குக் கொடுத்த பேச்சு மிகக் குறைவு. வாய் திறக்க விட்டிருக்கலாம்.

3. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முகமூடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், ஆயுதத்தின் நீளத்தைப் பாருங்கள். நீலம் பிடிக்கும், சிவப்பு பிடிக்கும் என்று எடுப்பதுதான் எல்லாப் பிள்ளைகளின் வழக்கம். டொனாடெல்லோவின் கையில் நீண்ட கம்பு. தள்ளி நின்றே அடிக்கலாம், அதனால் புதியவருக்கு ஏற்றவன். ஆனால் நகர்வதில் மந்தம். ரஃபேலின் ஆயுதமான சாய் குட்டையானது. எதிரியின் மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போனால்தான் அடி விழும், விழுந்தால் பலமாக விழும். லியோனார்டோ எல்லாவற்றிலும் நடுத்தரம். ஒன்றும் புரியாவிட்டால் அவனை எடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளோடு ஆடும் பையன்களுக்கும் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏப்ரில் ஓ’நீலை எடுத்து ஆடிப் பாருங்கள். கார்ட்டூனில் மஞ்சள் உடை போட்ட சேனல் 6 செய்தியாளர் அவள். அடிக்கடி யாராவது கடத்திக்கொண்டு போவார்கள், ஆமைகள் போய் மீட்டு வருவார்கள். கொனாமி 1989-இல் கொண்டுவந்த ஆர்கேட் கேமிலும் அவளுக்கு அதே கதிதான், மீட்கப்பட வேண்டியவள். இந்த 2022 கேமிலோ மைக்கையும் கேமராவையும் ஆயுதமாக்கிக்கொண்டு தானே களத்தில் இறங்குகிறாள். வேகமும் அதிகம். செய்தி சேகரிக்கும் கருவிகளையே ஒருத்தியின் ஆயுதமாக்க வேண்டும் என்று தோன்றியவர்களை வணங்கத் தோன்றுகிறது. கார்ட்டூனை மதித்து, அதே நேரத்தில் அதன் குறையையும் திருத்தியிருக்கிறார்கள். இந்தக் கேமின் நல்ல அம்சங்களில் இதற்கு நான் முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

4. அடிக்கும் பட்டனுக்கு முன் விலகும் பட்டனைப் பழகுங்கள். அமுக்கியதும் உங்கள் ஆள் சட்டென்று நழுவுவான், அந்த நொடியில் அடி படாது. இந்த ஒன்று கைவந்துவிட்டால் பாதி ஆட்டம் உங்களுடையது. முதல் கட்டத்தின் முடிவில் ஷ்ரெடரின் அடியாள் பீபாப் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வருவான். எதிரே நின்று அடிக்கப் பார்க்காதீர்கள். விலகுங்கள், ஓடிவந்த வேகம் அடங்கட்டும், பிறகு அடியுங்கள்.

5. கேலி செய்யும் பட்டனை வீண் என்று நினைக்காதீர்கள். அமுக்கினால் நான்காவது ஆமை மைக்கேலேஞ்சலோவோ குரு ஸ்ப்லின்டரோ நின்ற இடத்தில் நின்று எதிரியைப் பார்த்து ஒரு சேட்டை செய்வார்கள். அது முடிந்தவுடன் சிறப்புத் தாக்குதலுக்கான சக்தி நிரம்பிவிடும். ஆனால் சேட்டை முடியும்வரை உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, யாராவது வந்து தட்டினால் அவ்வளவுதான். அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘நான் நிரப்புறேன், கொஞ்சம் பாத்துக்கோ’ என்று. அவர் முன்னால் போய் நிற்பார், நீங்கள் நிரப்பிக்கொள்வீர்கள். அடுத்த முறை நீங்கள் போய் நில்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடும்.

6. தரையில் விழும் நிழலைக் கவனியுங்கள். பக்கவாட்டில் போகும் கேம் என்றாலும் திரையில் மேலும் கீழும் நகர இடம் உண்டு. எதிரி உங்களுக்கு நேர் எதிரே நிற்பதுபோல் தெரியும், ஆனால் ஒரு தடம் மேலே நிற்பான். நீங்கள் காற்றில் குத்திக்கொண்டிருப்பீர்கள். குதிக்கும்போது இது இன்னும் குழப்பும். உங்கள் நிழலும் எதிரியின் நிழலும் ஒரே வரிசையில் இருந்தால்தான் அடி சேரும். இந்தக் குழப்பம் இவ்வகைக் கேம்கள் அனைத்துக்கும் பிறவிக் குறை, இதற்கும் விலக்கில்லை.

7. விழுந்தவரை எழுப்புங்கள். மற்ற ஒன்பதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உங்கள் கூட்டாளியின் உயிர்ச்சக்தி தீர்ந்துவிட்டால் உடனே மறைந்துவிட மாட்டார். தரையில் கிடப்பார், எண்ணிக்கை ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் நீங்கள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று பட்டனை அழுத்திப் பிடித்தால் பீட்சாத் துண்டை நீட்டுவீர்கள். அதைத் தின்று எழுந்துவிடுவார். எண்ணிக்கை முடிந்துவிட்டால் ஒரு லைஃப் போய்விடும். கேட்க எளிது. ஆனால் அந்தச் சில விநாடியில் நீங்கள் சண்டையை விட வேண்டும், கையில் சிக்கியிருக்கும் எதிரியை விட வேண்டும், முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கொடுக்கும்போது யாராவது அடித்தால் மறுபடி முதலில் இருந்து. அதேபோல், உயிர்ச்சக்தி குறைந்து நிற்பவருக்கு உங்களுடையதில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் கோடு குறையும், அவர் கோடு ஏறும்.

கேம் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுக்காமலும் கட்டத்தை முடிக்கலாம். ஆனால் கொடுக்கிற குழுவும் கொடுக்காத குழுவும் ஆடும் ஆட்டம் வேறு வேறு. கொடுக்காதவர்கள் ஒரே திரையில் தனித்தனியாக ஆடுகிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கேமைச் செய்தவர்கள் நான்கு சகோதரர்களின் கதையைப் பேச்சில் சொல்லத் தவறினாலும், இந்த ஒரு பட்டனில் சொல்லிவிட்டார்கள்.

8. வழியில் கிடக்கும் பீட்சாவுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். பெட்டியைக் கண்டதும் ஓடிப்போய் எடுப்பது எல்லோருக்கும் முதலில் வரும் பழக்கம். யாருக்குக் கோடு குறைந்திருக்கிறதோ அவருக்கு விடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவர்தான் இதைத் தொடங்கி வைக்க வேண்டும். தம்பி தன் கோடு நிரம்பியிருக்கும்போதே ஓடிப்போய்த் தின்றுவிட்டால் திட்டாதீர்கள். அடுத்த பெட்டி வரும்போது ‘இது அக்காவுக்கு’ என்று சொன்னால் போதும், கற்றுக்கொள்வான்.

9. பறந்து செல்லும் கட்டங்களில் ஏமாந்துபோகாதீர்கள். பதினாறு கட்டங்களில் சில, நடப்பதற்குப் பதிலாகப் பலகையில் ஏறி வேகமாகப் பறந்துகொண்டே சண்டையிடுவது. பார்க்க விறுவிறுப்பு, ஆடச் சப்பை. தரையில் கற்ற பிடி, எறிதல் எல்லாம் அங்கே பெரிதாக உதவாது. எதிரியைத் தூக்கித் திரையை நோக்கியே வீசும் வித்தை 1991-இன் ‘டர்ட்டில்ஸ் இன் டைம்’ நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் செல்லச் சொத்து. தரைக் கட்டங்களில் அதற்குத்தான் பஞ்சமில்லை. பறக்கும் கட்டங்களைக் கடந்து வாருங்கள்.

10. சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேர் உட்கார்ந்தால் சாயங்காலக் காபிக்குள் பதினாறு கட்டங்களையும் முடித்துவிடலாம். கொடுத்த காசுக்கு இது குறைவு என்று சிலர் சொல்வதை மறுக்க முடியாது. அதற்குப் பிறகு ஆர்கேட் முறை இருக்கிறது: இடையில் சேமிக்க முடியாது, தொடரும் வாய்ப்புகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கதையை ஒரு முறை முடித்தால் கேஸி ஜோன்ஸ் என்ற இன்னொரு வீரன் ஆடக் கிடைப்பான். 2023 ஆகஸ்டில் வந்த ‘டைமென்ஷன் ஷெல்ஷாக்’ என்ற கூடுதல் பகுதியில் முயல் வீரன் உசாகியும் கராய் என்ற வீராங்கனையும் வருகிறார்கள், அலை அலையாக எதிரிகள் வரும் புது முறையும் உண்டு. தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய பகுதி அது. முதல் நாளே வாங்காதீர்கள். மூலக் கேமை இரண்டு முறை முடித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். இசையை மட்டும் காதைத் திறந்துவைத்துக் கேளுங்கள். டீ லோப்ஸ் அமைத்தது. 1980-களின் ஆர்கேட் கடைகளின் துள்ளல் அதில் அப்படியே இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சண்டைதான் இந்தக் கேம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கார்ட்டூனில் ஃபுட் படையினர் மனிதர்கள் அல்லர், இயந்திரங்கள். பிள்ளைகள் பார்க்கும் தொடரில் வாளேந்திய ஒருவன் யாரை வெட்டுவது என்ற சிக்கலுக்கு அந்நாளில் கண்ட வழி அது. கேமும் அதே வழியில்தான் போகிறது. ரத்தம் கிடையாது.

இணையத்தில் முகம் தெரியாதவரோடும் ஆடலாம், வசதி இருக்கிறது. ஆனால் யாரையாவது காப்பாற்ற நீங்கள் ஓடும்போது அவர் கட்டத்தை விட்டுப் போயிருப்பார். தனியாகவும் ஆடலாம், தனியாக ஆடினால் இது நன்றாகச் செய்த ஒரு சாதாரணச் சண்டைக் கேம், பத்தில் ஆறு மதிப்பெண். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து ஆடினால் எட்டரை தருவேன். இரண்டாவது கன்ட்ரோலர் வீட்டில் இல்லை என்றால், கேமை வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.