மணியை விடுங்கள், பஸ்ஸைப் பிடியுங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் சி ஷிப்ட் என்னும் நைட் ஷிப்ட் பார்த்திருக்க மாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று சுழல்கிறவருக்கு, அதே ஐந்து மணி ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் நேரம். இன்னொரு வாரம் அசந்து தூங்கும் நேரம். மற்றொரு வாரம் லைனில் கண் சொக்கும் நேரம். பழக்கத்தை மணியோடு கட்டினால், ஷிப்ட் மாறும் அன்றே அது அறுந்துபோகும்.

1. எந்த ஷிப்ட் ஆனாலும் மாறாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஐடி கார்டு மாட்டுவது, பஸ்ஸில் உட்காருவது, பஞ்ச் வைப்பது, கேன்டீனில் தட்டைக் கழுவப் போடுவது, அறைக்கு வந்து ஷூவைக் கழற்றுவது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, புதிய பழக்கம் ஒன்றே ஒன்றை அதோடு முடிச்சுப் போடுங்கள். ‘பஸ்ஸில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கம் படிப்பேன்’ என்பதுபோல. ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்பே முடிவுசெய்கிறவர்கள், பொதுவாகத் தீர்மானம் எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின.

2. விட வேண்டிய பழக்கத்தை உடனே விடாதீர்கள். மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வரும்வரை எங்கே, எப்போது, யாரோடு என்று மட்டும் குறியுங்கள். நைட் ஷிப்டில் மட்டும் ஹான்ஸ் புகையிலை கேட்கிறதென்றால், பாதிப் பிரச்சினை தூக்கத்தில் இருக்கிறது. பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்காமல் புகையிலையோடு மட்டும் மல்லுக்கட்டிப் பயனில்லை.

3. இனி உங்கள் தொழிற்சாலையிடமே பாடம் கேளுங்கள். ஒரு பாகம் திரும்பத் திரும்பத் தலைகீழாகப் பொருத்தப்பட்டால், நல்ல கம்பெனி ‘கவனமாக இரு’ என்று போர்டு மாட்டாது. தலைகீழாக நுழையவே முடியாதபடி ஜிக்கை மாற்றும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ பரப்பிய இந்த முறைக்கு ‘போக்கா யோக்கே’ என்று பெயர், டிரெயினிங்கில் கேட்டிருப்பீர்கள். அறையிலும் அதையே செய்யலாம். ரீல்ஸ் பார்த்தே தூக்கம் போகிறதா? சார்ஜரைப் பாயிலிருந்து கை எட்டாத பிளக்கில் போடுங்கள். சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைகிறதா? சம்பளம் விழுந்த மறுநாளே ஆர்.டி. பிடித்தம் ஆகட்டும்; செலவுக்குத் தனி அக்கவுண்ட் வைத்து அதை மட்டும் ஜிபேயில் இணையுங்கள். மனஉறுதி என்பது ஓ.டி. முடிந்து வருகிறவரிடம் மிச்சம் இருக்காது.

ஊரிலிருந்து வந்து புதிதாக அறை எடுப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இடம் மாறும்போது பழைய பழக்கங்களின் பிடி தளர்கிறது என்பதை, கல்லூரி மாறிய மாணவர்களை வைத்து உளவியலாளர் வெண்டி வுட் குழு 2005-இல் காட்டியது. அந்த முதல் மாதத்தை அறை நண்பர்களின் வழக்கத்துக்குத் தாரை வார்க்காதீர்கள்.

4. இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை. மூன்று வாரச் சுழற்சியில் மூன்று சுற்று என்றால் 63 நாள். அதற்கு முன் ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

5. குடிக்கு இந்த வழிகள் போதாது. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம் தொடங்கி வலிப்புவரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். புகையிலையை விடுவதற்கு, 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.