முயலின் சிறுநீரக நோயும் அதனைப் பேணும் முறையும்

மாணவர் பலர் தத்தம் இல்லங்களில் முயல் வளர்த்து வருகின்றனர். சிறு குழந்தைகளும் விரும்பி அணைக்கும் அவ்வெளிய பிராணி தன் நோயை வெளியிட மாட்டாது. நாயைப்போல் முனகுதலும் பூனையைப்போல் கத்துதலும் அதற்கு இயல்பன்று. பகைக்கு அஞ்சி வாழும் இனத்திற் பிறந்தமையால், நோயுற்றதனை மறைத்தலே அதன் வழக்கமாயிற்று. ஆதலின் அதனைப் பேணுவோன் கண் எப்போதும் விழிப்புடையதாயிருத்தல் வேண்டும். இவ்வுண்மையை யான் நூல்வாயிலாக அறிந்தேனல்லேன். இழப்பின் வாயிலாகவே அறிந்தேன்.

சிறுநீரகத்தின் தொழிலைப் பல்லாண்டுகளாகப் பலகையில் வரைந்து கற்பித்து வருபவன் யான். என் வீட்டில் வெண்முயல்கள் இரண்டு இருந்தன. ஒரு கோடையில் அவற்றுள் மூத்தது வழக்கத்தினும் மிகுதியாக நீர் பருகத் தொடங்கிற்று. வெயிலின் கொடுமையென எண்ணிக் கிண்ணத்தை நிரப்பி வந்தேன். சில வாரங்களில் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, மூப்பு என்றேன். இளைப்புத் தீரும்பொருட்டு அகத்திக்கீரையும் கொண்டைக்கடலையும் வேண்டுமட்டும் கொடுத்தேன். பின்னர் ஒருநாள் அது உணவைத் தொடவில்லை. நாளை உண்ணும் என்றிருந்தேன். மூன்றாம் நாள் விடியலில் அது இறந்து கிடந்தது. கால்நடை வைத்தியர் அதன் உடலைத் திறந்து, சுருங்கிக் குழிவிழுந்த சிறுநீரகங்கள் இரண்டனையும் எனக்குக் காட்டினார். யான் வகுப்பில் வரைந்த படம் அன்று என் உள்ளங்கையிற் கிடந்தது. கற்பித்தவனுக்கே கண்முன் நிகழ்ந்தது விளங்கவில்லை. அப்பிழையை நீவிர் செய்யாதிருத்தற்பொருட்டே இக்கட்டுரை எழுதலானேன்.

சிறுநீரகத்தின் தொழில்

குண்டிக்காய் என்று நம் ஊர்களில் வழங்கும் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பாகும். உணவிலுள்ள புரதம் உடலிற் பயன்பட்டபின் எஞ்சும் யூரியா முதலிய கழிவுகளை அது நீருடன் வெளியேற்றுகிறது. உடலுக்கு வேண்டிய நீரையும் உப்புக்களையும் மீட்டு இரத்தத்திற் சேர்க்கிறது. வடிகட்டும் நுண்குழல்கள் அழியின் அவை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமக்கும். இதனாலேயே சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பின்னரே நோய் புலப்படுகிறது. நீரை மீட்கும் ஆற்றல் குன்றவே சிறுநீர் மிகும்; இழந்த நீரை ஈடுசெய்யத் தாகம் மிகும். என் முயல் மிகுதியாக நீர் பருகியது வெயிலாலன்று என்பது இப்போது விளங்கும்.

முயலுக்குரிய தனித்தன்மை

சுண்ணச்சத்தாகிய கால்சியத்தைப் பொறுத்தவரை முயல் ஏனைய பாலூட்டிகளினின்றும் வேறுபட்டது. பிற பிராணிகளின் குடல், உடலின் தேவையறிந்து, வைட்டமின் டி-யின் துணையால் அச்சத்தை அளவாக ஏற்கும். முயலின் குடலோ உணவில் எவ்வளவு உளதோ அதற்கேற்ப ஏற்றுக்கொள்ளும். மிகுதியை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. உணவிலுள்ள கால்சியத்தில் ஏனைய பாலூட்டிகள் சிறுநீர் வழியாகக் கழிப்பது நூற்றுக்கு 2 பங்கிற்கும் குறைவு. முயல் கழிப்பது 45 முதல் 60 பங்கு. எனவே முயலின் சிறுநீர் சுண்ணாம்பு கலந்தாற்போல் கலங்கியிருத்தல் இயற்கையே. ஆயின் அது களிபோல் தடித்து வருமாயின், அல்லது முயல் முக்கி வருந்திச் சிறுநீர் கழிக்குமாயின், அது நோயின் குறியாகும். சிறுநீரகம் தளர்ந்தபின் சுண்ணச்சத்து இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் படியத் தொடங்கும். சுண்ணச்சத்து மிகுந்த அகத்தியை யான் வாரி வழங்கியது, சுமை தாங்காத மாட்டின்மேல் மேலும் மூட்டை ஏற்றியதற்கு ஒப்பாகும்.

சிறுநீர் சிவந்து காணினும் உடனே அஞ்சவேண்டா. முயலின் உடலில் உண்டாகும் ஒருவகை நிறப்பொருள் அதனைச் செந்நிறமாக்குதல் உண்டு. இரத்தமா அன்றா என்பதைச் சோதனையால் வைத்தியர் எளிதில் தெளிவார்.

நோயின் காரணங்கள்

மூப்பு, கல், நுண்கிருமிகள், நெடுநாள் நீர்ப்பற்றாக்குறை ஆகியன காரணங்களாம். இவையன்றி, முயல்களிற் பெரிதும் காணப்படுவது என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. இது முதன்முதல் 1922-ஆம் ஆண்டில், வாதமுற்ற முயல்களிற் கண்டு விவரிக்கப்பெற்றது. இதன் வித்துக்கள் நோயுற்ற முயலின் சிறுநீரிற் கலந்து வெளிப்பட்டு, புல்லின் வழியாகவும் நீரின் வழியாகவும் மற்றொரு முயலின் வயிற்றை அடையும். தாயிடமிருந்து குட்டிக்கும் செல்லும். மூளையைத் தாக்கின் தலை ஒருபுறம் சாயும். கண்ணைத் தாக்கின் பார்வை மங்கும். சிறுநீரகத்தைத் தாக்கின் அது வடுவுற்றுச் சுருங்கும். ஃபென்பெண்டசோல் என்னும் மருந்தை 28 நாள் தொடர்ந்து கொடுப்பது இதற்கு வழங்கும் சிகிச்சை. அம்மருந்து ஒட்டுண்ணியை ஒடுக்குமேயன்றி, கெட்ட உறுப்பைப் புதுப்பிக்க வல்லதன்று. உடல் வலுக்குன்றிய மக்களையும் இவ்வொட்டுண்ணி அரிதாகப் பற்றுமாதலால், கூட்டைத் தூய்மை செய்தபின் கைகளை நன்கு கழுவுதல் நலம்.

அறிகுறிகள்

தாகமும் சிறுநீரும் மிகுதல், எடை குறைதல், உணவில் விருப்பம் குன்றுதல், புழுக்கை சிறுத்து அருகுதல், ஓரிடத்தில் ஒடுங்கிக் கிடத்தல், பின்பாகத்து மயிர் எப்போதும் ஈரமாயிருத்தல் ஆகியவை கருதத்தக்கன. நலமுள்ள முயல் ஒரு கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை நீர் பருகும். கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் எஞ்சியதை அளந்து கழித்தால் கணக்குத் தெளிவாகும். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தி எழுதி வைத்தல் அதனினும் சிறந்தது. கண் மறப்பதை ஏடு மறவாது.

ஐயம் தோன்றின் தாமதியாது வைத்தியரை அடைக. இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ் இவற்றின் அளவும், சிறுநீரின் செறிவும், எக்ஸ்ரே படமும் நோயின் நிலையைத் தெரிவிக்கும். மூத்த முயல் இறந்த அவ்வாரமே இளையதனைக் கொண்டு சென்றேன். அதற்கும் நோய் தொடங்கியிருந்தது. ஆயினும் காலம் கடந்துவிடவில்லை.

பேணும் முறை

முதலாவது நீர். நோயுற்ற முயலுக்கு நீரே முதன்மருந்து. மிகுதியாகப் பருகுகிறதென்று நீரைக் குறைப்பது கொலைக்கு ஒப்பாகும். தொங்கவிடும் புட்டியினும் அகன்ற மண்கிண்ணமே ஏற்றது. தலைகுனிந்து பருகுதல் அதற்கு இயல்பாதலால் மிகுதியாகவும் பருகும். கீரையைக் கழுவி நீர் சொட்டச் சொட்டக் கொடுக்கலாம். இவை போதாவிடின், வைத்தியர் குறித்த அளவில் உப்புநீரைத் தோலின்கீழ் ஏற்றல் வேண்டும். வைத்தியர் காட்டிக்கொடுக்க, யான் அதனைக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் என் கைதான் நடுங்கிற்று, முயல் நடுங்கவில்லை.

இரண்டாவது உணவு. முயலின் உணவிற் பெரும்பகுதி புல்லும் உலர்ந்த புல்லுமே ஆதல் வேண்டும். குதிரைமசால், வேலிமசால், அகத்தி, முருங்கை முதலியவற்றில் சுண்ணச்சத்து மிகுதி. நோயுற்றதற்கு இவற்றை விலக்குக. அறுகு முதலிய புல்வகைகளைத் தாராளமாக இடுக. தானியமும் கடலையும் அளவின்றிக் கொடுத்தல் கூடாது. உப்புக்கட்டிகளும் சுண்ணச்சத்து மருந்துகளும் வேண்டா. ஆயினும் அச்சத்தை அடியோடு நீக்குதலும் தவறே. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும்.

மூன்றாவது, பட்டினி நேராமற் காத்தல். முயலின் குடல் ஓயாது இயங்குவது. அது நின்றால் உயிருக்கு இறுதி நெருங்கும். அரைநாள் உண்ணாதிருப்பினும் அதனை அவசரமாகக் கருதுக. வைத்தியர் இசைவுடன், இடித்த உலர்புல்லை நீரிற் குழைத்து, ஊசியில்லாப் பீச்சாங்குழலால் வாயின் ஓரத்திற் சிறிது சிறிதாகப் புகட்டலாம். மல்லாத்திப் புகட்டின் உணவு நுரையீரலிற் புகுந்து கேடு விளையும்.

நான்காவது தூய்மை. சிறுநீரில் நனைந்த தோல் வெந்து புண்ணாகும். ஈ மொய்த்துப் புழு வைத்தலும் உண்டு. எனவே நாள்தோறும் பின்பாகத்தைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்துக. படுக்கைப் புல்லை அடிக்கடி மாற்றுக. முயலுக்கு வியர்வையில்லாமையால் நம் நாட்டுக் கோடையில் நிழலும் காற்றும் தவறாது வேண்டும்.

ஐந்தாவது, மருந்தில் எச்சரிக்கை. வீட்டில் எஞ்சிய மாத்திரையை ஒருபோதும் கொடாதீர். வலிநீக்கும் மருந்துகள் சில தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பெனிசிலின் இனத்து மருந்தை வாய்வழிக் கொடுப்பின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து முயல் இறத்தல் கூடும். முயல் வைத்தியம் பழகிய வைத்தியர் எவ்வூரிலும் இருப்பதில்லை. எனவே முயலை வாங்குமுன்னரே அத்தகையார் எங்குளர் என உசாவி வைத்தல் அறிவுடைமை.

முடிவுரை

இளைய முயல் அதன்பின் 14 மாதங்கள் வாழ்ந்தது. நோய் தீரவில்லை, இந்நோய் தீர்வதன்று. ஆயினும் அது புல் தின்றது, முற்றத்தில் துள்ளிற்று, மாலையில் என் காலடியில் வந்து படுத்தது. கடைசி வாரத்தில் புகட்டியதையும் வேண்டாவென முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனி நீட்டிப்பது அதற்கு நலமோ நமக்கு ஆறுதலோ என வைத்தியர் வினவினார். அவ்வினாவிற்கு மெய்யான விடை சொல்லுதல் பேணுதலின் இறுதிக் கடமையெனக் கண்டேன். வேதனையின்றி உறங்கச்செய்ய இசைந்தேன். உறங்குமளவும் என் கை அதன்மேலிருந்தது.

மாணவர்களே, அறிவு பலகையிற் கிடக்கும்வரை எவருக்கும் பயன்படாது. மூத்த முயலின் தாகத்தைக் கண்டபோதே ஏனென்று ஒருமுறை வினவியிருப்பேனாயின், அதற்கும் சில மாதங்கள் கிட்டியிருக்கும். இன்று சிறுநீரகப் பாடம் தொடங்கும் நாளில், படம் வரையுமுன் அவ்விரு முயல்களின் எடைகளை எழுதிய ஏட்டை வகுப்பிற்குக் காட்டுகிறேன். மூத்ததன் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இளையதன் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. அவ்விரண்டற்கும் இடையிலுள்ள வேறுபாடே யான் கற்ற பாடம்.