பிளஸ் என்றால் நல்லதா?

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுப்பித்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் இருக்கிறது. இத்தகைய குடைவரைகளைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கருங்கல்லில் பாசிட்டிவ் சக்தி நிறைந்திருக்கிறதாம். அது நம் உடலின் நெகட்டிவை நீக்குமாம். அறிவியலே பிளஸ், மைனஸ் என்று சொல்லவில்லையா என்று சான்றும் காட்டுகிறார்கள். அந்த மண்டபத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் மன அமைதியை மறுக்க வேண்டியதில்லை. அதற்கு மின்னூட்டத்தைக் காரணமாக்குவதுதான் பிழை. அத்தகைய பாறையில் பெரும்பங்கு சிலிக்கனும் ஆக்சிஜனும்தான். சிலிக்கன் அணுவில் 14 புரோட்டான்கள், 14 எலக்ட்ரான்கள். ஆக்சிஜனில் எட்டுக்கு எட்டு. புரோட்டானின் பிளஸும் எலக்ட்ரானின் மைனஸும் ஈடாகிவிடுகின்றன. புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலான மின்கவர்ச்சி, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட ஏறத்தாழ 10-இன் 39-ஆம் அடுக்கு மடங்கு வலியது. விசை அவ்வளவு வலியதாக இருக்கையில், நேர்மின்னூட்டம் மிகுந்த பாறை பல நூற்றாண்டுகள் அப்படியே நிற்க முடியாது. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் எலக்ட்ரான்களை இழுத்துச் சமனாகிவிடும்.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரம் ஒரே பாய்மம் என்று கருதினார். தேய்த்த கண்ணாடியில் அது மிகுந்திருப்பதாக எண்ணிப் பிளஸ் என்றார். குறைந்த இடம் மைனஸ் ஆயிற்று. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகே உண்மை விளங்கியது: பட்டில் தேய்த்த கண்ணாடி எதையும் பெறவில்லை, எலக்ட்ரான்களை இழந்திருந்தது. அதற்குள் பெயர்கள் ஊன்றிவிட்டன. ஆகவே மைனஸ் என்பது பற்றாக்குறை அல்ல. எலக்ட்ரானின் மின்னூட்டம் அளவில் புரோட்டானுடையதற்குச் சமம். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. நேர் என்றதும் நேர்மையும், எதிர் என்றதும் எதிரியும் நினைவுக்கு வருகின்றன. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி விற்போரோ நெகட்டிவ் அயனிதான் நலம் தரும் என்கிறார்கள். குறியிலேயே நன்மை தீமை இருந்தால் இரண்டு கூற்றும் ஒன்றாக உண்மையாக முடியாது.

வெறும் பெயர்தான் என்றால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதைப் பிளஸ் என்பது மனிதர் தேர்வு. இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்வது இயற்கை. அதற்கான அழகிய சான்று தமிழ்நாட்டிலேயே, ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அங்குள்ள மியூவான் தொலைநோக்கி, அண்டக்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்னும் மின்னூட்டத் துகள்களை எண்ணுகிறது. அவற்றில் இரு குறியினவும் உண்டு. இடிமேகத்தைக் கடக்கும்போது ஒரு குறியுடையவை ஆற்றலைப் பெறுகின்றன, மற்றவை இழக்கின்றன. நேர் மியூவான்கள் சற்றுக் கூடுதல் என்பதால் விளைவுகள் முழுதும் ஈடாவதில்லை; மொத்த எண்ணிக்கை மாறிவிடுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று வந்த மேகத்தில் அந்த மாற்றத்தைக் கொண்டு கணக்கிட்டபோது மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று தெரிந்தது. குறியைப் பொறுத்து விளைவு எதிராக மாறுவதைக் கணக்கில் கொள்ளாமல் இந்த அளவீடே இயலாது. அதே மியூவான்கள், நிமிடத்துக்குச் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றாக, நேரும் எதிரும் கலந்து சீயமங்கலத்துப் பாறையின் மேலும் விழுந்துகொண்டிருக்கின்றன.