ஓய்வறியா ஆரப் பொறிகள்

ஒரு கருவி பழையதாகிவிட்டது என்பதை நாம் எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? அது செய்யப்பட்ட ஆண்டைக் கொண்டா? அதனினும் புதியதொன்று தோன்றிவிட்டது என்பதைக் கொண்டா? அன்றி, அது ஆற்றும் பணியைக் கொண்டா? இவ்வினாவிற்கு விடை காண உதவும் நல்லதொரு சான்று, ஆரப் பொறியால் இயங்கும் ஹெலிகாப்டர் ஆகும். கட்டப்பட்டு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கடந்த இவ்வகை ஊர்திகளுள் சில, காட்சிச் சாலைகளில் ஓய்வு கொள்ளாமல், இன்றும் வயல்களின் மேல் உழைத்து வருகின்றன. அவற்றின் அமைப்பையும், அவை நிலைத்து நிற்பதற்கான காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆரப் பொறியின் அமைப்பு

வண்டிச் சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் நாற்புறமும் விரிந்து நிற்பதை நாம் அறிவோம். அவ்வாறே நடுவிலுள்ள சுழல் தண்டைச் சூழ்ந்து உருளைகள் வட்டமாக அமைந்திருப்பதால் இதனை ஆரப் பொறி என்கிறோம். நான்கு வீச்சு முறையில் இயங்குவதால், ஒரு வட்டத்தில் உள்ள உருளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். ஒன்பது உருளைகள் உடைய பொறியில் 1, 3, 5, 7, 9, 2, 4, 6, 8 என ஒன்றுவிட்டு ஒன்றாக எரிபொருள் பற்றும். அதனால் உந்து விசை இடையீடின்றிச் சீராகக் கிடைக்கிறது. இப்பொறியைக் குளிர்விக்க நீர் வேண்டுவதில்லை, காற்றே போதும். ஆயின் ஹெலிகாப்டர் ஓரிடத்திலேயே அசையாது நிற்கும் இயல்புடையது ஆதலின், எதிர்காற்றை நம்ப இயலாது. பொறியோடு விசிறி ஒன்றைப் பூட்டிக் காற்றைச் செலுத்துவர்.

வளர்ச்சியும் மாற்றமும்

அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனம் 1949-இல் முதன்முதலில் பறக்கவிட்ட எஸ்-55 என்னும் ஊர்தியில் ஆரப் பொறி மூக்குப் பகுதியில் வைக்கப்பட்டது. விமானி அதற்கு மேலும் பின்னுமாக உயரத்தில் அமர்ந்தார். பொறி முன்னே சென்றமையால், சுழலிக்கு நேர் கீழே சுமைக்கான அறை கிடைத்தது. 1954-இல் பறந்த எஸ்-58 இதே அமைப்பைப் பெரிதாக்கிக் கொண்டது. அதன் ரைட் ஆர்-1820 பொறி 1,525 குதிரைத் திறன் உடையது. பி-17 குண்டுவீச்சு விமானத்தை இயக்கிய பொறிக் குடும்பமே இது. சோவியத் நாட்டில் 1952-இல் மி-4 தோன்றியது. நம் இந்திய விமானப்படை 1954-இல் பெற்ற முதல் ஹெலிகாப்டர் எஸ்-55 ஆகும். 1971-ஆம் ஆண்டுப் போரில் மேக்னா ஆற்றைக் கடந்து நம் வீரர்களைக் கொண்டு சேர்த்தவை மி-4 ஊர்திகளே.

பின்னர் டர்பைன் பொறி வந்தது. ஒரே அளவு திறனைத் தருவதற்கு அதன் எடை மிகக் குறைவு, அதிர்வும் குறைவு. 1970 முதல் எஸ்-58 ஊர்திகள் பலவற்றின் ஆரப் பொறியை அகற்றிவிட்டு, இரட்டை டர்பைனைப் பொருத்தினர். உடல் பழையது, இதயம் புதியது என அவை தொடர்ந்து பறந்தன. ஆரப் பொறியின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

காமோவ் கா-26

அவ்வெண்ணத்திற்கு மாறாக நிற்பது கா-26. நிக்கோலாய் காமோவின் வடிவமைப்புக் குழு படைத்த இவ்வூர்தி 1965-இல் முதன்முதலில் பறந்தது. இதன் இருபுறத்திலும் ஒவ்வோர் ஒன்பது உருளை ஆரப் பொறி உள்ளது. ஒவ்வொன்றும் 325 குதிரைத் திறன் உடையது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், வால் சுழலி தேவையில்லை. மரங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகே தாழப் பறப்போருக்கு இது பெரும் பாதுகாப்பு. பின்புற அறையைக் கழற்றிவிட்டு மருந்துத் தொட்டியையோ திறந்த மேடையையோ பூட்டலாம். ஆறு பேர் செல்லும் ஊர்தி காலையில் இருந்தால், மாலையில் அதுவே மருந்து தெளிக்கும் கருவியாகும்.

ஹங்கேரியில் வேளாண் பணிக்கு இவ்வூர்திகள் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டன. சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று, பயிரின் இலைகளைப் புரட்டி அடிப்பக்கத்திற்கும் மருந்தைக் கொண்டு செல்கிறது. தெளிக்கும் பயணம் சில நிமிடங்களே நீடிக்கும். உயரமோ மிகக் குறைவு. இப்பணிக்கு டர்பைனின் வேகமும் உயரப் பறக்கும் ஆற்றலும் பயன்படுவதில்லை. அதன் விலையோ மிகுதி. 1980-களில் கா-126 என்ற பெயரில் டர்பைன் பூட்டிய வடிவம் முயலப்பட்டும், அது சில எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. மேலும், கா-26-இன் பொறிக்கு நெருங்கிய உறவுடைய எம்-14பி பொறி, யாக்-52 பயிற்சி விமானங்களில் இன்றும் இயங்குகிறது. ஆதலின் உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் அறிவும் முற்றிலும் அற்றுப் போகவில்லை.

பேணுவோர் கைத்திறன்

எனினும் இப்பொறி தானே வாழ்வதன்று, பேணுவோரால் வாழ்வது. நின்றிருக்கும் வேளையில் எண்ணெய் கசிந்து கீழ்ப்புற உருளைகளில் தேங்கும். அதனை அறியாமல் முடுக்கினால், அழுத்தவியலாத எண்ணெய் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். இதனைத் தவிர்க்க, முதலில் பொறியைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பர்; தடை தென்பட்டால் கீழ் உருளையின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிப்பர். நூலில் படித்தால் இது ஒரு வரி. கையில் உணர்ந்தால்தான் அறிவு. மூத்த பொறிவினைஞர் ஒருவர் ஓய்வு பெறும்போது, அவ்வறிவை ஏற்க இளைஞர் ஒருவர் அருகில் இல்லையெனில், பாகங்கள் கிடைத்தும் பயனில்லை.

எதிர்நிற்கும் இடர்கள்

இவ்வூர்திகளின் எதிர்காலத்தைக் குறுக்குவன முதுமையைவிடச் சூழலே ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறை, வானிலிருந்து பூச்சிமருந்து தெளிப்பதைப் பொதுவாகத் தடை செய்து, சிறப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. விமானப் பெட்ரோலில் கலக்கப்படும் ஈயம் மக்கள் நலனுக்குக் கேடு தரும் காற்று மாசுக்குக் காரணமாகிறது என அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் முடிவு செய்தது. 2030-க்குள் ஈயத்தை விலக்குவது அங்கு இலக்கு. உயர்ந்த ஆக்டேன் மதிப்பை வேண்டும் பெரும் பொறிகளுக்கு இது பெருங்கவலை. ஆளில்லாச் சிறு வானூர்திகளும் தெளிப்புப் பணிக்குப் போட்டியாக வந்துள்ளன. இக்கட்டுப்பாடுகளைக் குறை கூற நாம் முற்படவில்லை. பழைமையைப் போற்றுவதற்காகக் காற்றையும் நீரையும் மாசுபடுத்துதல் தகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு கருவியின் வாழ்வு மூன்றால் நிலைபெறுகிறது எனலாம். அதற்கு ஏற்ற பணி இருத்தல் வேண்டும். அதனை அறிந்து பேணும் கை இருத்தல் வேண்டும். அது சமுதாயத்திற்குக் கேடு செய்யாதிருத்தல் வேண்டும். ஆரப் பொறி ஹெலிகாப்டருக்கு முதலாவது குறைந்து வருகிறது. மூன்றாவது வினாவிற்கு உள்ளாகியுள்ளது. இரண்டாவதே அதனை இன்றும் தாங்கி நிற்கிறது. மாணவர்கள் இங்குக் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. புதியது என்பதற்காக ஒன்றை ஏற்பதும், பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் ஆய்வு நெறி ஆகா. பணியையும் பயனையும் அளந்து அறிவதே நெறி. இவ்வூர்திகள் ஒருநாள் இறுதியாகத் தரையிறங்கும். அந்நாளிலும் அவற்றைப் பேணிய கைகளின் அறிவு எழுத்தில் பதிவாகி, அடுத்த தலைமுறைக்குக் கிட்டுமாயின், உழைப்பு வீண்போகாது எனத் துணியலாம்.