தபாலில் வரும் அலைனர்: வாங்கும் முன்

அலைனர் என்பது பல்லை வரிசைப்படுத்த மாட்டும் ஒளி ஊடுருவும் உறை. கம்பி கிடையாது, மருத்துவரிடம் அலைய வேண்டாம், விலையும் குறைவு. வீட்டிலேயே பல் அச்சு எடுத்து அனுப்பினால் அலைனர்கள் பெட்டியில் வந்து இறங்கும். ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் பல் நகர வேண்டுமென்றால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர வேண்டும். அச்சில் பதிவது பல்லின் வெளிப்பகுதி மட்டுமே. வேரின் நிலை, எலும்புத் தேய்மானம், உள்ளே புதைந்த பல் எல்லாம் எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஈறு நோயோடு அலைனர் மாட்டினால் பல் ஆட்டம் காணலாம். சிலருக்கு முன்பல் வரிசையாகிவிடும், ஆனால் கடைவாய்ப்பல் ஒன்றோடொன்று சேராது. சாப்பிடும்போதுதான் அது புரியும்.

• எக்ஸ்ரேயும் ஈறு பரிசோதனையும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

• சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

• நிறுவனமே மூடினால் என்ன செய்வது? தபாலில் அலைனர் விற்ற அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் நின்றவர்களும் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள், என்ன துணிச்சல்!

• எங்கே வாங்கினாலும் தினமும் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். முடிந்தபின், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் செலவும் உண்டு.

• செலவுதான் தயக்கமென்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். அங்கே பெரும்பாலும் கட்டணம் குறைவு.