மலையிலிருக்கும் பட்டாளத்துக் குடும்பத்துக்கு எந்த அட்டை?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 1994-இல் பென்ஷனில் வந்தவர். அவருக்கு வயது 74, சர்க்கரை இருக்கிறது. எனக்கு 66, மூட்டுவலியால் மேட்டில் ஏறி இறங்க முடியவில்லை. நாங்கள் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை எடுக்கவில்லை. பென்ஷனோடு மருத்துவப் படி மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அதை ஏன் விடவேண்டும் என்கிறார். சேருவதற்கு 30,000 கட்டவேண்டும் என்றும் சொல்கிறார்கள். 70 வயதானவர்களுக்கு 5 லட்ச ரூபாய் அட்டை கொடுக்கிறார்களே, அது போதாதா? அவருக்குப் பிறகு எனக்கு வைத்தியச் செலவுக்கு யார் இருக்கிறார்கள்?
– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: அம்மா, அந்த 30,000 ரூபாயை உங்கள் வீட்டுக்காரர் கட்டவேண்டியதே இல்லை. நீங்கள் கேள்விப்பட்ட தொகை சரிதான். ஹவில்தார் வரை 30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என்று 2017 டிசம்பரில் உத்தரவு வந்தது. ஆனால் 1996 ஜனவரி 1-க்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் இந்தச் சந்தா கிடையாது. இது தெரியாமலேயே எத்தனையோ பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒதுங்கி இருந்துவிட்டார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அதன்பிறகு பென்ஷனில் வருகிறவர்கள் கட்டாயம் சேரவேண்டும். அதற்கு முன்பே வந்தவர்களுக்கு அது விருப்பம், இப்போதும் சேரலாம். வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தள்ளமாட்டார்கள். சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. இந்த வயதில் தனியார் காப்பீட்டு நிறுவனம் எதிலும் இப்படி ஒரு பாலிசி கிடைக்காது.

சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் படி நின்றுவிடும் என்பது உண்மை. ஆண்டுக்கு 12,000. உங்கள் வீட்டில் அது மாத்திரைச் செலவுக்கு உதவுகிற பணம், லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மூட்டு மாற்று அறுவைக்கோ இதயத்தில் ஸ்டென்ட் வைக்கவோ தனியாரிடம் போனால் லட்சக்கணக்கில் கேட்பார்கள். பல ஆண்டுப் படியைச் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

70 வயது அட்டைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயதானவர்கள் எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், விரிவுபடுத்தியது. உங்கள் வீட்டுக்காரருக்கு அது கிடைக்கும். உங்களுக்கு 66 என்பதால், 70 ஆகும்வரை அந்த அட்டையில் இடமில்லை. மேலும் அது மருத்துவமனையில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மட்டும்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு உதவாது. இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் இரண்டு பேருக்குமே உண்டு. இரண்டு திட்டத்துக்கும் உரியவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இ.சி.எச்.எஸ்-ஐயே எடுங்கள். மாநில அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும். ஹவில்தார் பென்ஷன் வரும் வீடு பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. அவர் உறுப்பினராக இருந்து காலமானால், உங்கள் உரிமை அப்படியே தொடரும். புதிதாக எதுவும் கட்டவேண்டாம், அட்டையை மட்டும் உங்கள் பெயரில் மாற்றிக்கொள்ளவேண்டும். அவர் சேராமலேயே போய்விட்டாலும் நீங்கள் தனியாகச் சேரமுடியும். ஆனால் குடும்ப பென்ஷன் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான். துக்கத்தோடு தாள்களைத் தூக்கிக்கொண்டு அலையும் அந்த மாதங்களில் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். படியை விடமாட்டேன் என்கிறவர் உங்களை நினைத்தாவது சம்மதிப்பார்.

மலையில் இருப்பவர்களுக்குச் சிரமம் தூரம்தான். பாலிகிளினிக்குக்குக் கீழே இறங்கிப் போகவேண்டும் என்றால் ஒரு பகல் போய்விடும், பஸ் செலவும் உண்டு. பெரிய மருத்துவமனைக்குப் போவதற்கும் பொதுவாகப் பாலிகிளினிக்கின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டோடு திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போனால் ஹவில்தார் குடும்பத்துக்குப் பொது வார்டில் பணமில்லாச் சிகிச்சை.

அவசரத்துக்குச் சீட்டு வேண்டாம். நெஞ்சுவலி, பாம்புக்கடி என்றால் 108-ஐக் கூப்பிட்டு, போளூரோ வேறெங்கோ, எது கிட்டமோ அங்கே போய் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டினால் போதும், முன்பணம் கேட்கக்கூடாது. சேராத மருத்துவமனை என்றால் பாலிகிளினிக்குக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடவேண்டும். பணத்தை நீங்கள் கட்டி, அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரநிலை என்ற மருத்துவர் சான்று மூன்றையும் வாங்கி வைக்கவேண்டும். திரும்பக் கிடைப்பது அரசு நிர்ணயித்த கட்டணம் மட்டுமே. மருத்துவமனை அதற்கு மேல் வாங்கியிருந்தால் அது உங்கள் கைக்காசு.

விண்ணப்பம் இணையத்தில்தான். திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதற்கு முன் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் எடுத்து, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லட்சுமியம்மாள் என்றிருந்தாலே விண்ணப்பம் நிற்கும். அதைத் திருத்த அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதவேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. அவர் கையெழுத்துப் போட இருக்கும்போதே இந்தத் திருத்தத்தை முடித்துவிடுங்கள். குடும்ப பென்ஷனுக்கும் இதே பெயர்தான் தேவைப்படும்.